திரைக்கு அந்தப் பக்கம் யார்?

முன்னொரு காலத்தில் மருதவள நாட்டை மகிழ்மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். சதுரங்க மகுடமும் அவரிடம்தான். அவரோடு மோத ஆசைப்படுகிறவர்கள் முதலில் தங்களுக்குள் ஆடவேண்டும். எல்லோரோடும் ஆடி அதிகம் ஜெயிப்பவருக்கே தகுதி.

நல்ல விதிதான். ஆனால் ஆட்களைப் பொறுக்கியது தளவாய் வீரசம்பு. அந்த மனுஷர் தன் மைத்துனர்களையும் மருமகன்களையும் கொண்டுவந்து நிரப்பிவிட்டார். அவர்கள் மற்றவர்களிடம் உயிரைக் கொடுத்து ஆடுவார்கள். தளவாயிடம் மட்டும் சொல்லிவைத்தாற்போல் தோற்பார்கள். தளவாயோ ராஜாவிடம் பல்லிளித்துக்கொண்டே தோற்பார்.

போட்டியில் ஒரே வெளியாள், தருக்கம் படித்த நீலாம்பிகை. போன வருஷம் தளவாயை நேரிலேயே ஜெயித்தும் தகுதி அவருக்குத்தான் போனது. இந்த வருஷம் சபையிலேயே கேட்டுவிட்டாள்.

"மகாராஜா, இது போட்டியா, தளவாய் வீட்டுக் கல்யாணப் பந்தியா?"

தளவாய் துள்ளினார். "பெண்பிள்ளை எதிரே உட்கார்ந்து முறைத்தால் பையன்களுக்குக் கவனம் சிதறுகிறது. இவளை விலக்குங்கள்!"

நாக்கின் நுனிவரை வந்த கோபத்தை விழுங்கிவிட்டு நீலாம்பிகை சிரித்தாள். "முகம்தானே தொல்லை? எல்லோருக்கும் நடுவில் திரை கட்டுங்கள். யாரோடு யார் ஆடுவது என்பது மகாராஜாவுக்கு மட்டும் தெரியட்டும். காய் நகர்த்துவதைச் சேவகர்கள் சொல்லட்டும்."

புதுமை என்றால் ராஜாவுக்கு உயிர். "கட்டுங்கள் திரையை!" என்றார். தளவாயும் தலையாட்டித் தொலைத்தார், புகார் அவருடையதாயிற்றே!

ஆட்டம் தொடங்கியது. மருமகன் ஒருவன் தேரைச் சும்மா கொண்டுபோய் நிறுத்தினான். எதிராளி அதை வெட்டாமல் தன் யானையை நீட்டினான். இவன் மந்திரியைக் கொடுத்தான். அவன் குதிரையைக் கொடுத்தான்.

"என்னடா இது, அன்னதானமா?" என்று ராஜா திரையை விலக்கினார். சபையே பார்த்தது, இரண்டு பக்கமும் தளவாயின் மருமகன்கள்!

"அந்தப் பக்கம் மாமாவாக இருந்துவிட்டால் என்று பயந்து..." என்று இருவரும் உளறினார்கள்.

ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்படியானால், தளவாய், நீர் என்னிடம் தோற்றதும்?"

தளவாய் மெல்ல வாசல் பக்கம் நகரப் பார்த்தார்.

"மைத்துனன் மருமகன் எல்லோரும் வெளியே! நீலாம்பிகையும் தளவாயும் மட்டும் ஆடட்டும், என் கண்ணெதிரே."

தளவாய் ஆடிக்கொண்டே இளநீர் கொண்டுவரச் சொன்னார். இளநீர் வருவதற்குள் அவருடைய ராஜாக் காய் மூலையில் மாட்டிக்கொண்டது.

"இனி திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் உமக்கு வேலை," என்ற ராஜா, நீலாம்பிகையின் எதிரே அமர்ந்தார். "நமக்கும் திரை வேண்டுமா, அம்மணி?"

"வேண்டாம், மகாராஜா. தோற்கும்போது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்."

ராஜா வாய்விட்டுச் சிரித்து, முதல் நகர்த்தலை அவளுக்கே கொடுத்தார்.

அந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்றா கேட்கிறீர்கள்? மறுவருஷத் தகுதிப் போட்டியில், தளவாய் பிடித்த திரைக்குப் பின்னால் மற்றவர்களோடு சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தவர் சாட்சாத் மகிழ்மாற மகாராஜா!