பின்னால் வந்த கார்

முக்கால்குளத்தில் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களில் எத்தனை பேர் புத்திசாலிகள் என்று ஆவுடையப்பன் ஒருமுறை வீடு வீடாகப் போய் விசாரித்து எழுதினார். நானூற்றுப் பன்னிரண்டு என்று வந்தது. யாரையாவது விட்டுவிட்டோமோ என்று மறுபடியும் ஒரு சுற்றுப் போய்வந்தார். சரியாகத்தான் இருந்தது.

அவர் அந்த ஊர் வாழைத்தார் வியாபாரிகள் சங்கத்துக்குப் பத்தொன்பது வருடமாகச் செயலாளர். ஐந்தாம் வகுப்புப் படிப்பு. நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது; சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதித் தலைவர் கோமதிநாயகத்திடம் நீட்டிவிடுவார். ஆனால் எண்ணுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அதையும் எண்ணியவர் அவர்தான்.

டவுனுக்குப் போய்வரச் சங்கத்துக்கு ஒரு சின்னக் கார் வாங்குவதென்று தீர்மானமாயிற்று. பெட்ரோல் காரா, ஹைபிரிட் காரா என்பதில்தான் இழுபறி.

"ரெண்டையும் ஓட்டிப் பாப்போம். எது கம்மியாக் குடிக்குன்னு ஆவுடையப்பன் கணக்கெடுக்கட்டும்," என்றார் கோமதிநாயகம்.

உறுப்பினர் சுப்புக்குட்டி எழுந்தார். அவருக்குச் செயலாளர் நோட்டின் மேல் வெகுநாளாக ஒரு கண்.

"எடுக்கட்டும் அண்ணாச்சி. ஆனா சீட்டு கீட்டு ஆகாது. சாயங்காலம் கூட்டத்துல அவரே எந்திரிச்சு நின்னு வாயால சொல்லணும். திக்குனாருன்னா நோட்டு என் கைக்கு வந்துரணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். ஆவுடையப்பனும் தட்டினார்.

ஷோரூமில் ஜெபசிங் என்ற தம்பி ஒருநாள் இரவலாக இரண்டு கார்களையும் கொடுத்தார். "இது வெறும் பெட்ரோல். இது ஹைபிரிட், இன்ஜினோட மோட்டாரும் பேட்டரியும் உண்டு. கிளம்பும்போது சத்தம் வராது. தேவைப்பட்டா இன்ஜின் தானா வரும். ரெண்டையும் ஒரே பாரத்துல, ஒரே ரோட்டுல, ஒரே வேகத்துல ஓட்டுங்க. டேங்கை நிரப்பிட்டுக் கிளம்புங்க, திரும்பி வந்து மறுபடி நிரப்புங்க. எத்தனை லிட்டர் பிடிக்குதோ, அதான் வண்டி குடிச்சது."

ஆவுடையப்பன் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார்.

முதலில் ஒரே பாரம். தார் நிறுக்கும் தராசில் நால்வரும் ஏறி இறங்கினார்கள். பெட்ரோல் காருக்குக் கோமதிநாயகம் நூற்றிரண்டு கிலோ, ஓட்டுகிற இசக்கிராசு ஐம்பத்தெட்டு. ஹைபிரிட்டுக்கு ஆவுடையப்பன் ஐம்பத்து நாலு, ஓட்டுகிற சுப்புக்குட்டி அறுபத்தொன்று. நாற்பத்தைந்து கிலோ குறைந்தது. பதினைந்து கிலோவில் மூன்று தார்களை ஹைபிரிட்டின் பின்சீட்டில் உட்கார வைத்து பெல்ட்டும் போட்டுவிட்டார்கள்.

அடுத்தது ஒரே வேகம்.

"நான் அம்பதுல போவேன். நீரும் அம்பதுலதான் வாரீர்னு எனக்கு எப்படிவே தெரியும்?" என்று சுப்புக்குட்டியிடம் கேட்டார் இசக்கிராசு.

"என்னைப் பாத்துக்கிட்டே ஓட்டும்."

"உம்மைப் பாத்தா ரோட்டை யாரு பாப்பா?"

நியாயமான கேள்வி. கால்மணி நேரம் யோசித்தார்கள். பிறகு கோமதிநாயகம், "ரெண்டையும் கயித்தால கட்டிட்டா?" என்றார். அதனால்தான் அவர் தலைவர்.

வாழைத்தார் லாரிக்குக் கட்டுகிற கயிற்றை எடுத்து, பெட்ரோல் காரை முன்னாலும் ஹைபிரிட்டைப் பின்னாலும் நிறுத்திக் கட்டினார்கள். ஆவுடையப்பன் அளந்தார். இடைவெளி பதினோரு அடி. டேங்குகளை நிரப்பிக் கிளம்பினார்கள். மலையடிவாரம் வரை இருபது கிலோமீட்டர், திரும்ப இருபது.

ஹைபிரிட்டில் சத்தமே இல்லை. "என்ன சுப்புக்குட்டி, வண்டி ஓடுதா?" என்று ஆவுடையப்பன் மெல்லக் கேட்டார்.

"ஓடுதே, தெரியல? தேவைப்பட்டா இன்ஜின் தானா வரும்னாருல்லா. தேவைப்படலை. நான் காலைக்கூட வைக்கலை. வச்சா கயிறு தொய்யுது."

நல்ல வண்டி என்று ஆவுடையப்பன் குறித்துக்கொண்டார்.

ஏழாவது கிலோமீட்டரில் சுப்புக்குட்டி பின்சீட்டிலிருந்து மூன்று பழங்களைப் பிய்த்துத் தின்றார். ஆவுடையப்பன் கையை வெளியே நீட்டி இரண்டு கார்களையும் நிறுத்தினார். பாரம் குறைந்துவிட்டதா என்று நால்வரும் இறங்கிப் பேசினார்கள்.

"தின்னது எங்க போச்சு? எனக்குள்ள இருக்கு. நான் வண்டிக்குள்ள இருக்கேன்," என்றார் சுப்புக்குட்டி.

"சரிதான். தோலு?" என்றார் கோமதிநாயகம்.

தோலை ஜன்னல் வழியே எறிந்திருந்தார். ஆவுடையப்பன் நடந்துபோய்த் தேடினார். இரண்டு தோல் கிடைத்தது. மூன்றாவதை ஒரு வெள்ளாடு மென்றுகொண்டிருந்தது.

"ஆட்டை ஏத்துவே," என்றார் கோமதிநாயகம். "தோலு அதுக்குள்ளதான இருக்கு."

ஆடு இருபது கிலோவாவது இருக்கும் என்று ஆவுடையப்பன் பணிவாக எடுத்துச் சொன்னார். கடைசியில் தோல் கனத்துக்கு ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டு பயணம் தொடர்ந்தது.

அடிவாரத்து மேட்டில் இழுவைத் திறனையும் பார்த்தார்கள். உச்சியில் பெட்ரோல் கார் பதினோரு அடி முந்தியது.

திரும்பி வந்து பங்க்கில் நிரப்பினார்கள். பெட்ரோல் கார் நாலே முக்கால் லிட்டர் பிடித்தது. ஹைபிரிட்டில் குழாயை வைத்ததுமே டக்கென்று நின்றுவிட்டது. ஒரு சொட்டு இறங்கவில்லை.

சுப்புக்குட்டி மீசையைத் தடவினார். இசக்கிராசுவுக்கு மனம் ஆறவில்லை. "அது நாள்பூரா என் முதுகுக்குப் பின்னால நிழல்ல வந்துச்சு. இப்ப அது முன்னால போகட்டும். அதான் நியாயம்."

அதுவும் நியாயம்தான். கயிற்றை மாற்றிக் கட்டினார்கள். இந்தத் தடவை ஹைபிரிட் முன்னால் போனது. கொஞ்ச தூரத்தில் இன்ஜின் தானாக வந்தது. பின்னால் இசக்கிராசு சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டார். அந்த வண்டி சும்மா வந்ததென்றால் தன் வண்டியும் சும்மா வர வேண்டும் என்பது அவர் கட்சி. அதே ரோடு, அதே நாற்பது கிலோமீட்டர். மேட்டில் ஹைபிரிட் முந்தியது. ஆவுடையப்பன் இறங்கி அளந்தார். பதினோரு அடி.

பங்க்கில் ஹைபிரிட் மூன்றரை லிட்டர் பிடித்தது. பெட்ரோல் கார் ஒரு சொட்டும் பிடிக்கவில்லை.

ஆவுடையப்பன் ஓரமாக உட்கார்ந்து வகுத்துப் பார்த்தார். நாற்பது கிலோமீட்டரைப் பூஜ்ய லிட்டரால் வகுக்க ஐந்தாம் வகுப்பில் சொல்லித் தரவில்லை. ஆறாம் வகுப்புக்குப் போகாமல் விட்டதை முதல்முறையாக நினைத்து வருந்தினார். நாலே முக்காலும் மூன்றரையும் நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. அவற்றைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார். ஒன்றும் குடிக்காத வண்டி இருக்கும்போது குடிக்கிறதன் கணக்கு எதற்கு?

சாயங்காலம் கூட்டம். ஜெபசிங்கும் வந்திருந்தார். ஆவுடையப்பன் எழுந்து நின்றார். சுப்புக்குட்டி நோட்டுக்காகக் கையை நீட்டியே வைத்திருந்தார்.

"ரெண்டு வண்டியையும் ரெண்டு தடவை ஓட்டியாச்சு," என்றார் ஆவுடையப்பன். "ரெண்டு தடவையும் முன்னால போன காருதான் குடிச்சுது. பின்னால வந்த காரு குடிக்கலை. அதனால நாம பின்னால வந்த காரை வாங்குவோம்."

ஒரு இடத்திலும் திக்கவில்லை. சுப்புக்குட்டி நீட்டிய கையை மடக்கி, மற்ற கையோடு சேர்த்துத் தட்டினார்.

ஜெபசிங் தயங்கித் தயங்கி, "பின்னால வந்ததுன்னா... எது அண்ணாச்சி?" என்று கேட்டார்.

எல்லோரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். கயிறு அவிழ்க்காமல் இரண்டு கார்களும் நின்றன. பின்னால் நின்றது பெட்ரோல் கார். அதையே வாங்கினார்கள்.

இனி முன்னால் யார் போவது என்ற யோசனை மறுநாள் காலையில்தான் வந்தது. அதற்கும் வழி இருந்தது. எட்டே முக்கால் டவுன் பஸ் வந்து நின்றதும் ஆவுடையப்பன் அதன் பின்பக்கத்தில் காரைக் கயிற்றால் கட்டி, இழுத்துப் பார்த்து, பதினோரு அடியை அளந்து சரிபார்த்துவிட்டு, காரில் ஏறி உட்கார்ந்தார். கண்டக்டர் இறங்கி வந்து காருக்குள் இருந்த நாலு பேரையும் பார்த்தார்.

"அண்ணாச்சி, பஸ்ஸுக்குள்ள அத்தனை சீட்டும் காலியாக் கிடக்கு. உள்ள ஏறி உக்காந்தா என்ன?"

ஆவுடையப்பன் கண்ணாடியை இறக்கினார். இப்போதெல்லாம் அவருக்குப் பேச்சு தாராளமாக வருகிறது.

"தம்பி, சொந்தமாக் காரு வச்சிருக்கவன் எவனாவது பஸ்ஸுல போவானா?"