மலைத்தேக்கத்து மீன் ஏன் காற்றைப் பார்த்து நீந்துகிறது

அந்தக் காலத்தில் மீனுக்கு வாய் இருந்தது இரை தின்ன மட்டுமல்ல, பேசவும்தான். ஆனால் பழுப்பு உடம்பில் சிவப்புப் பொட்டு வைத்த மலைமீன், இப்போது ட்ரவுட் என்கிறோமே அந்த மீன், பேசக்கூடச் சோம்பல்படும். ஓடையில் ஒரு கல்லுக்குப் பின்னால் போய், தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நிற்கும். பூச்சியும் புழுவும் தண்ணீரோடு தானாக மிதந்து வரும். வாயைத் திறந்தால் உள்ளே போகும். மாமியார் வீட்டுக்கு விருந்து போன மாப்பிள்ளைக்குக்கூட அப்படி ஒரு வாழ்வு கிடையாது.

அந்த ஓடை ஓடிய மலையில் ஓர் ஊர் இருந்தது. எந்த மலை என்று என்னைக் கேட்காதீர்கள். மலைக்காரர்கள் ஒவ்வொருவரும் தங்கள் மலைதான் என்பார்கள். சித்திரை பிறந்தால் ஓடை வற்றிவிடும். ஊரே மூட்டை கட்டிக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கி, மழை விழும்வரை அங்கே கிடக்கும். அடிவாரத்தில் கொசு, கொசுவோடு காய்ச்சல். ஆண்டுக்கு ஒருவரையாவது அங்கே புதைத்துவிட்டுத்தான் திரும்ப மலையேறுவார்கள். போன ஆண்டு புதைத்தது சடைச்சி என்கிற பெண்ணின் தங்கையை. இந்த ஆண்டு மாசியில் சடைச்சிக்கே வயிற்றில் ஏழு மாதம்.

தங்கையைப் புதைத்த கையோடுதான் சடைச்சி ஊர்க்கூட்டத்தில் அந்த யோசனையைச் சொன்னாள். ஓடையை மறித்து ஒரு மண்கரை போட்டால் மழைத்தண்ணீர் தேங்கும், கோடையில் யாரும் இறங்க வேண்டாம். ஊரும் கேட்டது. கல்லும் மண்ணும் சுமந்து கரை போட்டார்கள். ஐப்பசி மழையில் தேக்கம் நிரம்பித் தளும்பியது. சடைச்சி தெருவில் நடந்தால் வழிவிட்டு நின்றார்கள்.

உறைபனி முடிந்து மாசி வந்ததும் அந்த மரியாதை போய்விட்டது. மாசி பஞ்ச மாதம். பழைய சாமை தீர்ந்திருக்கும், புதிது விதைத்தே இருக்காது. அந்த மாதம் முழுக்க ஓடை மீன்தான் ஊருக்குச் சோறு. இப்போதோ ஓடை இருந்த இடத்தில் தேக்கம். தேக்கத்தில் தண்ணீர் இருந்தது, மீனைக் காணோம். கூடை போட்டுப் பார்த்தார்கள். இருந்த களியை உருட்டி வீசிப் பார்த்தார்கள். களி கரைந்ததுதான் மிச்சம். அதை நாமே தின்றிருக்கலாம் என்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள்.

ஊர்த்தலைவர் பெரிய நஞ்சன் உறவுமுறையில் சடைச்சிக்குச் சித்தப்பா. கெட்டவர் இல்லை. வீட்டு வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தார்.

"அம்மணி, காய்ச்சல் வந்தா ஒருத்தர்தான் போவோம். பட்டினி கெடந்தா ஊரே போயிரும். வெள்ளிக்கெழம காலையில ஒரு மீனாச்சும் கண்ணுல படலீன்னா கரைய வெட்டி உட்டர்றோம். மனசுல வெச்சுக்காத."

அவர் சொன்னதில் தப்பு இல்லை என்பதுதான் சடைச்சிக்கு இன்னும் பயமாக இருந்தது. காய்ச்சலில் கிடந்த தங்கையின் வயிற்றில் நனைத்துப்போட்ட துணி நொடியில் காய்ந்துபோனது நினைவுக்கு வந்தது. கரை போனால் தன் பிள்ளை அந்த அடிவாரத்தில்தான் பிறக்கும்.

வியாழக்கிழமை காலையில் அவள் தேக்கத்தைச் சுற்றி நடந்தாள். ஒரு மூலையில் முழங்கால் ஆழத் தண்ணீரில், சேற்றோடு சேறாக ஒரு கிழட்டு மீன் கிடந்தது. கீழ்த்தாடை கொக்கி மாதிரி மேலே வளைந்திருந்தது. உடம்பு ஒட்டி, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

"உசுரோடதான் இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கறோம், அம்மணி. எல்லாரும் அடியில கெடக்கறோம்" என்றது மீன்.

"பசிக்கலியா?"

"பசியில கண்ணு இருட்டுது."

"அப்புறம் எதுக்கு அடியில கெடக்கறீங்க? மேல வந்து திங்கறதுதான?"

"எந்தப் பக்கம் பாத்து நிக்கறதுன்னு தெரியல" என்றது மீன். "தண்ணி வார தெசையப் பாத்து நிக்கோணும், சாப்பாடு வரும். எங்க வம்சத்துல அப்படித்தான். இங்க தண்ணி எந்தத் தெசையிலிருந்தும் வரலியே. நான் கெழக்க பாத்துக் கெடக்கறேன். எந்தம்பி மேக்க பாத்துக் கெடக்கறான். ரெண்டு பேருக்கும் வரல."

"தேடிப் போயித் திங்கக் கூடாதா?"

"சாப்பாட்டத் தேடிப் போறதா?" மீனுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. "அது பழக்கமில்லீங்க."

சடைச்சிக்கு ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அப்போதுதான் காற்றில் ஒரு புல்பூ பறந்து வந்து தண்ணீரில் விழுந்தது. தண்ணீர் அசையாவிட்டாலும் பூ நகர்ந்தது. காற்று அதைத் தள்ளித் தள்ளி ஓட்டிக்கொண்டு போனது. ஓடையில் தண்ணீர் செய்த வேலையை இங்கே காற்று செய்கிறது என்று அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது.

மீனிடம் சொன்னாள். மீன் நம்பவில்லை. காட்டலாம் என்றால் அந்தக் குளிரில் ஒரு பூச்சிகூடக் கிளம்பவில்லை. சடைச்சி வீட்டுக்குப் போய்க் கருங்கோழியின் கழுத்து இறகு ஒன்றைப் பிடுங்கி வந்தாள். அதை வளைந்த முள் ஒன்றில் வைத்து, தன் தலைமுடியாலேயே இறுக்கிச் சுற்றினாள். இறகு தூரம் போனால் இழுத்து எடுத்து மறுபடி விட வேண்டுமே என்று நீளமாக ஒரு நாரும் கட்டினாள். நார் சரி, முள் எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் அவளிடம் நேரான பதில் இருந்திருக்காது.

இறகைக் காற்றில் விட்டாள். அது ஈ மாதிரி தண்ணீரில் உட்கார்ந்து, காற்றோடு மெல்ல நகர்ந்தது. கிழட்டு மீன் பார்த்தது. இரண்டாம் முறை விட்டாள், மீனின் வால் அசைந்தது. மூன்றாம் முறை மீன் உடம்பைத் திருப்பிக் காற்றுக்கு முகத்தைக் காட்டி, மேலே வந்து, வாயைத் திறந்தது. முள் தாடையில் ஏறிவிட்டது. சடைச்சியின் கை தானாக இழுத்தது.

அந்த நேரம் பார்த்து அவள் புருஷன் மூக்கன் கூடையோடு வந்தான். கண்கள் விரிந்தன.

"கூடையில போடு, புள்ள. சித்தப்பன்கிட்டக் காட்டுனாப் போதும். கரை பொழச்சுது."

ஈரப்புல்லில் கிடந்த மீன் மூச்சு வாங்கியது. "ஏமாத்திப்போட்டயே, அம்மணி" என்றது. "பரவால்ல, நீ சொன்னது நெசம். சாப்பாடு காத்தோடதான் வருது. ஆனா அது தெரிஞ்ச மீனு நான் ஒருத்தன்தான். என்னையக் கொண்டு போயிட்டீன்னா அடியில கெடக்கறவங்களுக்கு ஆரு சொல்லுவாங்க?"

"மீனு பேசறதயெல்லாம் கேக்காத" என்றான் மூக்கன்.

சடைச்சி கூடையைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள். இந்த ஒரு மீன் வெள்ளிக்கிழமையைத் தாண்ட வைக்கும். சனிக்கிழமை ஊர் எதைத் தின்னும்?

முள்ளைக் கழற்றினாள். இரண்டு கையாலும் மீனைத் தண்ணீருக்குள் தாங்கி, அதன் முகத்தைக் காற்று வரும் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். செவுள் நாலைந்து முறை திறந்து மூடியது. பிறகு அவள் கையை உதறிக்கொண்டு மீன் ஆழத்துக்குப் போய்விட்டது. மூக்கன் வெறும் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. ஊரே மண்வெட்டியோடு கரைமேல் நின்றது. பாழாய்ப்போன காற்று அன்றைக்கென்று இல்லை. தேக்கம் அசையாமல் கிடந்தது. பெரிய நஞ்சன் முதல் வெட்டு வெட்டினார். ஒரு கட்டி மண் பெயர்ந்து கீழே உருண்டது. சடைச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்திலேயே போய் நின்றாள்.

"வெய்யல் ஏறட்டும், சித்தப்பா. அதுக்கப்பறம் வெட்டுங்க. நானே மண்ணள்ளிப் போடறேன்."

"வெத்தல போட்டு முடிக்கறவரைக்கும்தான்" என்று நஞ்சன் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய நேரத்தில் ஒரு வீட்டுக்கே வெள்ளையடித்திருக்கலாம்.

வெயில் புல்லில் விழுந்தது. புல்லுக்குள் குளிரில் விறைத்துக் கிடந்த கருப்பு ஈக்கள் கிளம்பின. மேற்கிலிருந்து காற்றும் எழுந்து, ஈக்களை வாரித் தண்ணீரில் போட்டது.

மூக்கன்தான் முதலில் பார்த்தான். கரையோரம் ஒரு வளையம். அதற்கு ஒரு முழம் மேற்கே இன்னொன்று. அதற்கும் மேற்கே இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. தேக்கம் முழுக்க மீன்கள் காற்றைப் பார்த்து மேய்ந்து போயின, வயலில் களை பறிக்கிறவர்கள் வரிசையாக நகர்வது போல. பெரிய நஞ்சன் வெற்றிலையை மெல்ல மறந்து, வாயைத் திறந்தபடி நின்றார்.

"மம்பட்டிய வெச்சுட்டுக் கூடைய எடுங்கப்பா" என்றார் கடைசியில். பெயர்த்த மண்கட்டியைத் தானே தூக்கி வந்து, பழைய இடத்தில் வைத்துக் காலால் மிதித்தார்.

சடைச்சி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அழுதாள், மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் அழுதாள். மூக்கன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான் அப்பவே சொன்னன்ல, மீனு சொன்னாக் கேக்கோணும்னு" என்றான். அவள் அழுகையோடு சிரித்து அவன் தோளில் ஒன்று வைத்தாள்.

கிழட்டு மீன் ஓரத்துக்கு வந்து தலையை நீட்டியது. "அந்த எறகுப் பொய்ய வருசாவருசம் பனி முடிஞ்சதும், பசி மயக்கத்துல நம்புவோம், அம்மணி. வெய்யல் முத்துனா நம்ப மாட்டோம். ஆனா மொதல்ல மாட்டறவனை மட்டும் திருப்பி உட்ருங்க. பனியில கெடந்து எல்லாரும் தெசைய மறந்திருப்போம், அவந்தான் வந்து சொல்லோணும்."

அந்தச் சித்திரையில் ஊர் மலையை விட்டு இறங்கவில்லை. தேக்கத்துக்கரை வீட்டில், மலைக்காற்றில், சடைச்சிக்குப் பெண் பிறந்தது. தங்கையின் பெயரையே வைத்தாள்.

அன்று முதல்தான் மலைத்தேக்கத்து மீன் காற்றைப் பார்த்து நீந்துகிறது. அன்று முதல்தான் மாசியில் தூண்டிலில் இறகு ஈ கட்டி வீசுகிறவர்கள், எவ்வளவு பசியானாலும், முதல் மீனின் முகத்தைக் காற்றுக்குத் திருப்பித் தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள்.