மாரிக்கனி வாசித்த பக்கம்

வந்த கடிதத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தால், உள்ளே எழுதியது மாறிவிடுமா?

மாறாது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சிஸ்டர் பனிமயத்துக்கும் தெரியும். இருந்தாலும் மூன்று நாள் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தார். நாலாம் நாள் பிரித்தார்.

மாற்றல்தான். பள்ளிக்கு லீவு விட்டதும் கிளம்ப வேண்டும். மலைப்பக்கம் வேறொரு மடம், வேறொரு பள்ளிக்கூடம்.

கடிதத்தோடு மடத்துத் தலைவியிடம் போனார். மதர் லியோனி அடுக்களையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். சிஸ்டருக்கு வயது ஐம்பத்தொன்று. மதருக்கு முப்பத்தெட்டு. அதனால் என்ன, மதர் மதர்தான்.

"மதர், முப்பது வருஷத்துல ஒன்பது மாற்றல். ஒரு தடவையாவது ஏன்னு கேட்டிருக்கேனா?"

"இல்ல."

"இப்பக் கேக்கேன். இன்னும் ஒரு வருஷம் என்னை இங்கயே விடச் சொல்லி நம்ம சபை மாநிலத் தலைவிக்கு எழுதுங்க."

"யாருக்காக?"

"மாரிக்கனிக்காக."

மதர் கீரையைத் தள்ளி வைத்தார்.

மாரிக்கனி மூன்றாம் வகுப்பு. பாட்டுப் பாடுவாள், கணக்கை விரல் விட்டுப் போட்டுவிடுவாள், மரத்தில் ஏறுவாள். எழுத்து மட்டும் அவளிடம் ஒட்டாது. அவள் அம்மா செல்லக்கிளி ஜூன் மாதமே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"இந்த ஒரு வருசம்தான் சிஸ்டர். முழுப் பரீட்சை முடியவும் ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டட்டும். இல்லன்னா ஆடு பத்தப் போகட்டும்."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம், சிஸ்டர் அவளை எதிரில் உட்கார வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஒரு நாள் விட்டதில்லை. காய்ச்சல் வந்தபோதுகூடப் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"இப்ப நல்லா வாசிக்கா மதர். ஆனா நான் எதிர்ல இருந்தாத்தான். வேற டீச்சர் வந்தா வாயே திறக்க மாட்டா. நான் போயிட்டா அவ ஆட்டுக்குப் பின்னால போக வேண்டியதுதான்."

"எழுதுவோம். முதல்ல அவ வாசிக்கிறதை நான் கேக்கணும்."

மறுநாள் மதர் மூன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். முழங்கால் பெஞ்சில் இடித்தது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

மாரிக்கனி எழுந்தாள். புத்தகத்தைப் பிரித்தாள். சிஸ்டர் எதிரே நின்றார்.

"குளத்தில் நீர் நிறைந்தது. கொக்குகள் பறந்து வந்தன. மீன்கள் ஒளிந்துகொண்டன."

திக்கல் இல்லை, தடங்கல் இல்லை. சிஸ்டர் முகமெல்லாம் மலர்ந்து மதரைப் பார்த்தார்.

மதர் புத்தகத்தையும் பார்க்கவில்லை, பிள்ளையையும் பார்க்கவில்லை. அவர் பார்த்தது சிஸ்டரை.

பிறகு எழுந்து முன்னால் வந்தார். அங்கியின் பையில் கையை விட்டு ஒரு கமர்கட்டை எடுத்தார். யாரோ பிறந்தநாள் பிள்ளை கொடுத்தது.

"சிஸ்டர், இதை வாயில போட்டுக்கோங்க."

"வகுப்புலயா மதர்?"

"இப்பவே."

கீழ்ப்படிவேன் என்று துறவற வார்த்தைப்பாடு கொடுத்தவர். போட்டுக்கொண்டார். அது பல்லோடு பல்லைப் பிடித்துக்கொண்டது. ஒரு கன்னம் உப்பியது.

"மாரிக்கனி, அடுத்த பக்கம் வாசிம்மா."

மாரிக்கனி புத்தகத்தைப் பிரித்தாள். நிமிர்ந்து சிஸ்டரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

சிஸ்டர் தலையை ஆட்டினார். கண்ணால் கெஞ்சினார். தாடை அசையவில்லை.

மாரிக்கனியின் கண்ணில் தண்ணீர் கட்டியது.

பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது நம் வாயும் கூடவே திறக்கும், பார்த்திருப்பீர்கள். ஊட்டுகிறவளுக்கு அது தெரியாது. எதிரில் இருக்கிற பிள்ளைக்குத் தெரியும்.

முதல் பெஞ்சிலிருந்து ஒருத்தி சொன்னாள். "அவ எப்பவும் சிஸ்டர் வாயைப் பாத்துத்தான் வாசிப்பா. எங்களுக்கெல்லாம் தெரியுமே."

சிஸ்டர் ஒரு வழியாகக் கமர்கட்டைக் கடித்து விழுங்கினார். "ஏட்டி, அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலைல்லா சிஸ்டர்."

அன்று சாயங்கால ஜெபம் முடிந்து எல்லோரும் போனபின்னும் சிஸ்டர் பனிமயம் சிற்றாலயத்தில் உட்கார்ந்தே இருந்தார். மதர் வந்து பக்கத்தில் முழந்தாளிட்டார்.

"பத்து மாசம் மதர். நான் வாசிச்சேன். அவ என்னைப் பாத்து வாயசைச்சா. அவ்வளவுதான்."

மதர் நகர்ந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இப்பவாவது எழுதுங்க. இன்னும் ஒரு வருஷம் இருந்தாத்தான் இதைச் சரிபண்ண முடியும்."

"எழுதறேன். ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"தினமும் காலையில இங்க வந்து ஒரு மணி நேரம் உட்கார்றீங்களே. ஆண்டவர் ஏதாவது சொல்லிக்கொடுப்பாரா?"

சிஸ்டர் பீடத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"முப்பது வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னதில்ல மதர்."

"கோபம் வரலையா?"

"முதல்ல வந்துச்சு. அழுதிருக்கேன்."

"பிறகு?"

"பிறகு நானே தட்டுத்தடுமாறி..."

சிஸ்டர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

மதர் எழுந்தார். "கடிதம் இன்னைக்கு எழுதட்டுமா, நாளைக்கு எழுதட்டுமா?"



மறுநாள் சாயங்காலம் சிஸ்டர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மாரிக்கனிக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார்.

மாரிக்கனி திரும்பிப் பார்த்தாள். "சிஸ்டர், முன்னால வாங்க."

"இங்கதான் இருக்கேன். வாசி."

"மூஞ்சியைக் காட்டுங்க சிஸ்டர்."

"சுவரைப் பாத்து வாசிச்சாலும் சரி, புத்தகத்தைப் பாத்து வாசிச்சாலும் சரி. நான் எங்கயும் போகல."

அன்று ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது. 'பல்'. அதற்கே அரை மணி நேரம் ஆயிற்று.

இரண்டாம் நாள் மாரிக்கனி புத்தகத்தை வீசினாள். சிஸ்டர் எடுத்துத் தட்டிக் கையில் கொடுத்துவிட்டு மறுபடி பின்னால் போய் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் இருவரும் அழுதார்கள். அவள் முன்னால் அழுதாள், இவர் பின்னால். ஐந்தாம் நாள் அவள் விரல் முதல்முறையாகத் தாளில் எழுத்துக்குக் கீழே நகர்ந்தது.

சொல்லிவிடலாமா என்று நாக்கு துடிக்கும். சிஸ்டர் முக்காட்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொள்வார். அந்த நுனி நூல் நூலாகப் பிரிந்துவிட்டது. மடத்தில் துணி துவைக்கிற சகாயமேரி கேட்டேவிட்டாள்: "சிஸ்டர், எலி ஏதும் வருதா உங்க ரூமுக்கு?"

கடிதத்தைப் பற்றி மதரும் கேட்கவில்லை. சிஸ்டரும் பேசவில்லை.

முழுப் பரீட்சை முடிந்தது. சிஸ்டரை ரயிலடிக்குக் கூட்டிப்போக ஆட்டோ வந்து நின்றது. அந்த நேரம் பார்த்துச் செல்லக்கிளியும் மாரிக்கனியைக் கூட்டிக்கொண்டு, சிஸ்டர் இருந்த வகுப்பறைக்கு வந்தாள். தலையில் சும்மாடு, கையில் தொரட்டி. ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போகிற வழி.

"வாசிக்கச் சொல்லுங்க சிஸ்டர்."

சிஸ்டர் பாடப்புத்தகத்தை நீட்டினார். செல்லக்கிளி அஞ்சாவது வரை படித்தவள். லேசில் ஏமாற மாட்டாள்.

"நடத்துன பாடம்னா மனப்பாடமா ஒப்பிச்சிருவா. நடத்தாததா எடுங்க."

அவளே வாங்கிக் கடைசிப் பாடத்தைப் பிரித்து மகள் கையில் கொடுத்தாள். பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தாள். சிஸ்டர் வழக்கம்போலப் பின்னால் போய் நின்றார். மதர் வாசலில் நின்றார்.

மாரிக்கனி விரலை வைத்தாள்.

"மலை... யில். மழை. பெய்... தது."

ஆட்டோக்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார். யாரும் திரும்பவில்லை.

"ஆற்... ஆற்றில். வெள்... ளம். வந்தது."

செல்லக்கிளியின் உதடும் கூடவே அசைந்தது. தொரட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டாள். "எம்மா..." என்றாள், மெதுவாக.

"ப... பட..."

விரல் நின்றது. மாரிக்கனி மூச்சை இழுத்தாள்.

"பட..."

அறையில் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். சிஸ்டர் பனிமயம் முக்காட்டின் நுனியைத் தேடினார். அது கைக்கு அகப்படுவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"படகுக்..."

மாரிக்கனி சட்டென்று திரும்பினாள். விரலைத் தாளிலிருந்து எடுக்கவில்லை.

"சிஸ்டர், நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்களேன்."