பச்சையப்பரோட காலிப் பொந்து

ஏரிக்கரைப் பனந்தோப்புல பொன்மூக்கின்னு ஒரு மைனாப் பொண்ணு இருந்தா. அவங்க அம்மா மறுபடியும் முட்டை போட்டுட்டா. பொந்துல இடமில்ல. "இறக்கை முளைச்சாச்சு. இனிமே உன் பாடு," அப்படின்னுட்டார் அப்பா.

பொன்மூக்கி மரம் மரமா ஏறி இறங்கினா. ஆந்தை வீட்டுல இடம் கேட்டா, "பகல்ல நாங்க தூங்குவோம். நீ மூச்சுவிட்டாலே சத்தம்," அப்படின்னு கண்ணை மூடிக்கிச்சு.

தோப்போட கடைசிப் பனையில பச்சையப்பர்னு ஒரு கிழக்கிளி. அவருக்கு ரெண்டு பொந்து. ஒண்ணுல அவரும் சம்சாரமும். இன்னொண்ணு காலி. கேக்காம உள்ள நுழைஞ்சா அவர் அலகு மண்டையைப் பொளந்துடும். அதனால வாசல்ல நின்னு கேட்டா.

"மாமா, அந்தப் பொந்து சும்மாதானே இருக்கு?"

"சும்மான்னு யார் சொன்னா? என் பையனுக்கு. மலைப்பக்கம் போயிருக்கான். வருவான்."

"எப்ப வருவாரு?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு? தனியாவா வந்திருக்க?"

"தனியாத்தான் மாமா."

"தனியாளுக்கு நாங்க குடுக்கிறதில்ல."

"ஜோடி சேர்ந்து வந்தா?"

"ஜோடின்னா குஞ்சு வரும். குஞ்சு குட்டி உள்ளவங்களுக்கும் குடுக்கிறதில்ல. ஆமா, சாப்பாடு என்ன?"

"புழு, வெட்டுக்கிளி..."

பச்சையப்பர் கழுத்தை ஒரு சுத்து சுத்தினார். "நாங்க சுத்த சைவம்மா."

மழை பிடிச்சுக்கிச்சு. பொன்மூக்கி அந்தப் பனையோட மட்டையிலேயே சுருண்டு கிடந்தா. எந்தப் பக்கம் திரும்பினாலும் நனைஞ்சுது.

விடிஞ்சும் விடியாத நேரம். கீழ ஏதோ சரசரன்னுச்சு. சாரைப்பாம்பு! பொந்தைப் பார்த்து ஏறிக்கிட்டிருக்கு. பொன்மூக்கி தொண்டை கிழியக் கத்தினா. தோப்புல இருந்த மைனா எல்லாம் சேர்ந்து கத்துச்சு. சாரை எரிச்சலாகி இறங்கிப் போயிடுச்சு.

பச்சையப்பர் தலையை நீட்டினார். "யாரது காலங்காத்தால?"

"பாம்பு மாமா."

"எங்க?"

"போயிடுச்சு."

"போயிடுச்சுல்ல? அப்புறம் எதுக்குக் கத்துற? இதுக்குத்தான் மைனாவுக்கு வீடு குடுக்கிறதில்ல. மட்டையையும் காலி பண்ணு."

பொன்மூக்கி ஈர இறக்கையை உதறிட்டு டவுன் பக்கம் பறந்துட்டா.

டவுன் பஸ் ஸ்டாண்டுல ஒரு பெரிய விளம்பரப் பலகை. அதுக்குப் பின்னால ஒரு தகர ஓட்டை. வெயில்ல கொதிக்கும், ஹாரன் சத்தத்துல அதிரும். அங்கதான் அவளுக்கு ஜோடி அமைஞ்சுது, குஞ்சும் பொரிஞ்சுது. தூக்கம்தான் அமையல.

ஒருநாள் சாயங்காலம் பச்சையப்பர் வந்து நின்னார். வால்ல பாதி இறகைக் காணோம்.

"பாப்பா, நம்ம தோப்புக்கே வந்துடு. பொந்து தரேன்."

"காலியாவா இருக்கு?"

பச்சையப்பர் நகத்தைப் பார்த்தார். "சாரை இருக்கு. நீ வந்து லேசா கத்தினா போயிடும்."

"நீங்க இருந்த பொந்து?"

"அதுலயும் அது பாதி உடம்பை நீட்டிக்கிட்டுக் கிடக்கு. முட்டையெல்லாம் போச்சு. உங்க அத்தை பையனைத் தேடி மலைக்குப் போயிட்டா."

"தோப்புல மத்த மைனாவெல்லாம் கத்தலையா?"

"யாரு இருக்கா கத்த? உனக்கப்புறம் இடமில்லாம ஒவ்வொண்ணாக் கிளம்பிடுச்சுங்க."

பொன்மூக்கி உள்ள திரும்பிப் பார்த்தா. குஞ்சுங்க வாயைப் பிளந்துக்கிட்டுக் கிடந்துச்சு. "இதுங்களைத் தூக்கிட்டு நான் எங்க மாமா வர்றது?"

இருட்டிக்கிட்டு வந்துச்சு. "இன்னிக்கு மட்டும் இங்க..." அப்படின்னு பச்சையப்பர் இழுத்தார்.

பொன்மூக்கி கழுத்தை ஒரு சுத்து சுத்தினா. அச்சு அசல் அதே குரல்ல கேட்டா: "தனியாவா வந்திருக்க?"

பச்சையப்பர் தலை தொங்கிப் போச்சு. "தனியாத்தான்மா."

சாப்பாடு என்னன்னும் கேக்கணும்னுதான் வெச்சிருந்தா. நாள் பூரா இரை தேடி அலைஞ்ச அலுப்பு, வாய் வரல. கொஞ்சம் நகர்ந்து உக்காந்தா.

"ஓரமா ஒடுங்கிக்கோங்க மாமா. புழு வாடை அடிக்கும், பொறுத்துக்கோங்க."

குடியிருக்கக் கேட்ட பிள்ளையை விரட்டிட்டுச் சும்மா போட்டு வெச்ச வீட்டுல, கேக்காமலே பாம்பு குடியேறும்.