ஒரு தொட்டி மட்டும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தான். அவன் பேரைக் கேட்காதீர்கள், இந்தக் கதைக்கு அது வேண்டியதில்லை. வரியை ஒழுங்காக வாங்கினான், கல்யாணத்துக்குத் துணி கேட்டான், அவன் வேலை அத்தோடு முடிந்தது. கதை, அவன் நாட்டில் ஓடிய ஓர் ஓடையைப் பற்றியது. சிரிக்க இதில் அதிகம் இல்லை. முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது.

ஓடையின் மேல்புறத்தில் அவுரிப்பட்டணம் என்று ஓர் ஊர். கீழ்ப்புறத்தில் தாழையூர். காலையில் வண்டி கட்டினால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரலாம்.

அவுரிப்பட்டணத்தில் மூன்று தொழில் கொழித்தது. சாயப்பட்டறைக்காரர் காளத்தி. வெல்ல ஆலைக்காரர் சாத்தப்பன். சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்தவர் இருளப்பன். தாழையூரில் ஒரே தொழில்தான், நெல். அதனால் அவுரிப்பட்டணத்துப் பெண்களைத் தாழையூரில்தான் கட்டிக்கொடுப்பார்கள். நெல் விளைகிற மண்ணில் மகள் வாழ்ந்தால் சோற்றுக்குக் கையேந்த மாட்டாள் என்று கணக்கு.

அவுரிப்பட்டணத்தார் குடிப்பதற்கு ஊருக்கு மேலே உள்ள படித்துறையில் தண்ணீர் மொள்ளுவார்கள். வேண்டாததை ஊருக்குக் கீழே கொட்டுவார்கள். அவுரி ஊறி நாறிய தண்ணீர், சாயத்துக்குச் சேர்க்கிற அரிதாரம், துருசு என்கிற நஞ்சுச் சரக்குகள் கலந்த கழிவு, எல்லாம் காளத்தியின் பட்டறையிலிருந்து போகும். வெல்லப்பாகின் அழுக்கு நுரை சாத்தப்பன் ஆலையிலிருந்து போகும். சுண்ணாம்புக் குழம்பு இருளப்பனிடமிருந்து போகும். வீட்டுக்காரர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? எச்சில் இலை, அடுப்புச் சாம்பல், செத்த எலி என்று அவரவர் பங்குக்கு ஆளுக்கொரு கூடை.

யாராவது முகம் சுளித்தால் ஊரில் ஒரு பேச்சு இருந்தது. "ஓடுற தண்ணிக்குத் தீட்டு ஏது?"

தாழையூருக்கு வாழப்போன பெண்கள் பிரசவத்துக்குத் தாய்வீடு வருவார்கள். பிள்ளை கொழுகொழுவென்று பிறக்கும். சில மாதம் இருந்துவிட்டு, மாமியார் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். அங்கே போனதும் பிள்ளை பால் கக்கும், வயிறு ஊதும், வற்றிப்போகும். "பிள்ளை வளர்க்கத் தெரியாத ஊரு" என்று மேலூரார் ஏசுவார்கள். "அவளுக பாலில சத்தில்ல" என்று கீழூரார் ஏசுவார்கள். மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், பிடாரிக்குப் பொங்கல் வைத்தார்கள். ஓடையை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

காளத்திக்கு ஒரே மகள், பேர் வடிவு. அவளும் அப்படி இரண்டு பிள்ளைகளைத் தாழையூர் மண்ணில் புதைத்துவிட்டாள். மூன்றாவதாக ஓர் ஆண்பிள்ளை, தாய்வீட்டில் பிறந்தான். காளத்தி பேரனை மடியை விட்டு இறக்கமாட்டார். அவுரி ஊறிய அவருடைய நீல விரலை அவன் இறுக்கிப் பிடித்துக்கொள்வான். அதை விடுவித்துக்கொள்ள அவருக்கு மனம் வராது. பட்டறையில் ஆட்கள் காத்திருப்பார்கள்.

தாழையூரிலிருந்து அழைத்துப்போக வண்டி வந்தது. சம்பந்தி பெரியநம்பியே வந்திருந்தார். வடிவு எழுந்திருக்கவில்லை.

"நான் போகமாட்டேன்பா."

"என்னம்மா பேச்சு இது? வாசல்ல சம்பந்தி நிக்கிறாரு."

"வர்றப்போ கரையோரமாத்தான் வந்தேன். நம்ம படித்துறைக்கு மேல தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. பட்டறை தாண்டினதும் கஷாயம் மாதிரி ஆயிடுது. அந்தக் கஷாயத்தைத்தான் நாங்க குடிக்கிறோம். இவனையும் கொண்டுபோய்ப் புதைக்கவா?"

காளத்திக்கு முகம் கறுத்தது. ஆனால் சம்பந்தியின் முன்னால் மகள் வாயை அடைக்க முடியுமா? பிடாரி கோயில் முன்னால் ஊர் கூடியது.

சாத்தப்பன் சிரித்த முகத்தோடு தொடங்கினார். "ஏம்மா வடிவு, உங்கப்பா சாயம் ஊத்துறாரு, சரி. நான் ஊத்துறது வெல்லப்பாகு. மீனுக்கெல்லாம் பாயசம்!"

கூட்டம் சிரித்தது.

"அந்தப் பாயசம் குடிச்ச மீனெல்லாம் எங்க படித்துறையில வயித்தைக் காட்டிக்கிட்டு மிதக்குது, சித்தப்பா. ஒரு கூடை அனுப்பவா? குழம்பு வைங்க."

இருளப்பன் தொண்டையைச் செருமினார். "சுண்ணாம்பு அழுக்கை எடுக்கிற சாமான்தானே?"

"அப்படின்னா ஒரு செம்பு கரைச்சுத் தரேன் மாமா. குடிச்சுக் காட்டுங்க."

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை.

அவளே வழியும் சொன்னாள். ஓடையை விட்டுத் தள்ளி, மேட்டு நிலத்தில் குழி வெட்டுங்கள். சாயக்கழிவு அங்கேயே கிடந்து வற்றட்டும். வெல்ல நுரையை மாட்டுக்கு வையுங்கள். சுண்ணாம்புக் குழம்பைச் சுவருக்குப் பூசுங்கள். குப்பையை எருக்குழியில் போடுங்கள். இதில் எது முடியாது?

காளத்தி பேரனின் தலையில் கை வைத்தார். "இவன் மேல ஆணை. என் பட்டறையிலேருந்து ஒரு சொட்டு ஓடையில விழாது." சாத்தப்பன் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். இருளப்பன் பிடாரியின் சூலத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தார். ஊர் மொத்தமும் கை கூப்பியது.

மறுநாளே குழி வெட்டப் போனார்கள். கோடையில் மேட்டு நிலம் பாறை போல இறுகிக் கிடந்தது. கடப்பாரை எகிறியது. "ஒரு மழை விழட்டும், மண் இளகிடும், அப்போ வெட்டலாம்" என்று திரும்பிவிட்டார்கள். அதுவரை? கழிவைத் தொட்டியிலும் சாலிலும் அண்டாவிலும் நிரப்பி மூடி வைத்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள்.

ஓடை தெளிந்தது. தாழையூர்ப் படித்துறையில் மணல் தெரிகிறது என்று ஆள் வந்து சொன்னான். காளத்தி மகளைப் பார்த்து, "இனி பயமில்லம்மா. அப்பா சொல்றேன், தைரியமா குடி, குழந்தைக்கும் குடு" என்றார். வடிவு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறினாள்.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நல்ல சேதி வந்தது. பேரன் குப்புற விழுந்தான். பேரன் வாய்விட்டுச் சிரித்தான். பேரன் கால் கட்டைவிரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டான். ஒவ்வொரு சேதிக்கும் காளத்தி பட்டறை ஆட்களுக்குப் பானகம் கொடுத்தார்.

கேளுங்கள், இனிமேல்தான் கதை.

ராஜா வீட்டில் கல்யாணம் வந்தது. அரண்மனைக்கு நீலத்துணி வேண்டும், ஆடி முடிவதற்குள் வேண்டும் என்று ஓலை வந்தது. காளத்தி பட்டறையைச் சுற்றி வந்து பார்த்தார். தொட்டியெல்லாம் பழைய கழிவு. புதுச் சாயம் கலக்க ஒரு தொட்டிகூடக் காலியில்லை. வெயிலில் நாற்றம் குடலைப் பிடுங்கியது.

அந்த வாரமே மலையில் மழை பிடித்தது. ஊரிலும் கொட்டியது. மண் இளகியது. குழி வெட்ட ஏற்ற நாள்தான். ஆனால் மண்ணை இளக்கிய மழை ஓடையில் வெள்ளத்தையும் கொண்டுவந்தது. செம்மண் கரைந்த புதுவெள்ளம், இரு கரையும் தொட்டு, மரக்கிளையை உருட்டிக்கொண்டு போயிற்று.

காளத்தி பட்டறையின் பின்பக்கம் நின்று அந்த வெள்ளத்தைப் பார்த்தார். உச்சிப் பொழுது. மழைக்குப் பயந்து தெருவில் காக்கை குருவி இல்லை.

குழி வெட்ட ஆள் பிடிக்க வேண்டும். வெட்டி முடிக்க நாளாகும். அரண்மனை பொறுக்காது. இவ்வளவு வெள்ளத்தில் ஒரு தொட்டி எம்மாத்திரம்? கடலில் கரைத்த பெருங்காயம். சாத்தப்பன் நிறுத்திவிட்டான். இருளப்பன் நிறுத்திவிட்டான். ஊரே நிறுத்திவிட்டது. எல்லாரும் காக்கிறபோது ஒருவன் ஒரு தடவை தவறினால் ஓடைக்கு என்ன கெட்டுவிடும்? ஒரு தொட்டி மட்டும். நாளைக்குக் குழி வெட்டிவிடலாம்.

பேரனின் தலை நினைவுக்கு வந்தது. அதன் மெத்தென்ற சூடு உள்ளங்கையில் இன்னும் இருந்தது. அந்தக் கையால்தான் அடைப்பைப் பிடுங்கினார்.

தொட்டி காலியாவதற்கு வெகுநேரம் ஆகவில்லை. நீலம் செம்மண்ணோடு கலந்து, கண்மூடித் திறப்பதற்குள் காணாமல் போயிற்று. "பார்த்தியா, ஒண்ணுமே தெரியல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒன்று காலியானதும் பக்கத்துத் தொட்டியின் அடைப்பிலும் கை போயிற்று. ஒன்றுக்கு இரண்டு, அவ்வளவுதானே!

தாழையூரில் ஒரு வழக்கம் உண்டு. புதுவெள்ளம் வந்த அன்று ஊரார் மேளத்தோடு ஓடைக்குப் போவார்கள். மஞ்சளும் பூவும் விட்டுக் கும்பிடுவார்கள். அந்த வருஷம் பிறந்த பிள்ளைகளையெல்லாம் அந்தத் தண்ணீரில் குளிப்பாட்டி, சங்கில் மொண்டு ஒரு வாய் புகட்டுவார்கள். ஊர்த் தண்ணீர் பிள்ளைக்கு ஒட்ட வேண்டும் என்று. காளத்திக்கு இது தெரியாததா? ஆறு வருஷமாகச் சம்பந்தம் பண்ணிய வீடு. அடைப்பைப் பிடுங்கியபோது அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் தாழையூரிலிருந்து ஓர் ஆள் வந்தார். மோர் கொடுத்தார்கள். வாங்கவில்லை. உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. அதிலேயே எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

காளத்தியின் பேரன் மட்டும் அல்ல. சங்கில் தண்ணீர் புகட்டிய அத்தனை பிள்ளைகளும். தாழையூரில் அந்த வருஷத்துத் தொட்டில் ஒன்றுகூட ஆடவில்லை.

மேலூரே கீழூருக்குப் போயிற்று. எல்லாருடைய மகளும் அங்கேதானே வாழ்கிறாள்? தாழையூர்ப் பொதுக்களத்தில் இரண்டு ஊரும் எதிரெதிரே நின்றன. பெரியநம்பி கத்தவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஊத்தினது யாரு?"

காளத்தி முன்னால் வந்தார். மறைத்துவிடலாம் என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டுதான் வந்தார். மகளின் காலியான மடியைப் பார்த்ததும் முடியவில்லை.

"நான்தான் சம்பந்தி. நான் ஒருத்தன்தான். இவங்க யாரும் இல்ல. என்னை என்ன வேணும்னாலும் செய்ங்க."

தன் பழியைத் தான் சுமந்துவிட்ட ஒரு கனமான நிம்மதி அவருக்கு வந்தது. அதுவும் நிலைக்கவில்லை.

"இல்லண்ணே…" சாத்தப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "நானும் ஊத்தினேன். வெள்ளத்தைப் பார்த்தேன். நீங்கல்லாம் நிறுத்திட்டீங்க, நான் ஒருத்தன் ஊத்தினா என்னன்னு…"

இருளப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "நானும் அதையேதான்யா நெனச்சேன். அதையேதான் நெனச்சேன்!"

பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். "நான் கொல்லைக் குப்பையைத் தள்ளிவிட்டேன்." அடுத்தவள் தலைகுனிந்தாள். அதற்கடுத்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாதக்கணக்கில் மூடி வைத்த நஞ்சையெல்லாம், ஊரில் இருந்த அத்தனை பேரும், தான் ஒருவன்தான் என்று நினைத்து, ஒரே மழையில் திறந்துவிட்டிருந்தார்கள்.

வடிவு அப்போதுதான் வாய் திறந்தாள்.

"ஆளுக்கு ஒரு தொட்டிதான். அவன் ஒரே ஒரு சங்குதான் குடிச்சான். குடிக்கமாட்டேன்னு துப்பினான். பயமில்லன்னு நீங்க சொன்னீங்களேன்னு நான்தான் மூக்கைப் பிடிச்சுப் புகட்டினேன்."

காளத்தி களத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த நாள் மேட்டு நிலத்தில் குழி வெட்டினார்கள். ஈர மண்ணில் மண்வெட்டி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. இவ்வளவு சுலபமான வேலை என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நீலத்துணி நேரத்துக்குப் போகவில்லை. ராஜா வேறு ஊரில் வாங்கிக்கொண்டான். கல்யாணம் நின்றுபோகவில்லை.

அன்றிலிருந்து அவுரிப்பட்டணத்தில் ஒரு கட்டுப்பாடு வந்தது. ஓடையில் கொட்டுகிற கடையில் ஊரார் சாமான் வாங்குவதில்லை. ஓடையில் கொட்டுகிற வீட்டுக்கு அடுப்பு மூட்ட நெருப்புக் கொடுப்பதில்லை. அடுத்தவன் பார்த்துக்கொள்வான் என்று ஒருவரும் இருப்பதில்லை. அவரவர் குழியை அவரவர் போய்ப் பார்த்தார்கள். ஓடை மெல்லத் தெளிந்தது. மீன் திரும்பியது. மற்றவர் வீட்டு மகள்கள் பெற்றார்கள், பிள்ளைகள் தாழையூரில் ஓடி விளையாடினார்கள்.

வடிவுக்கு அப்புறம் பிள்ளை இல்லை.

காளத்தி வருஷம் தவறாமல் சீர் கொண்டுபோவார். வடிவு அவரை வாங்க என்பாள். பாய் விரிப்பாள், இலை போடுவாள், செம்பில் தண்ணீர் வைப்பாள். குறை சொல்ல எதுவும் இருக்காது. அப்பா என்ற சொல் மட்டும் அவள் வாயில் அப்புறம் வரவேயில்லை.

எல்லாரும் காப்பார்கள், நான் ஒருவன் ஒரு தடவை தவறினால் என்ன என்று எவன் நினைக்கிறானோ, அவனேதான் ஊர்த் தண்ணீரை நஞ்சாக்குகிறவன்.