மயில் முத்திரைக்குப் பாதி விலை

முன்னொரு காலத்தில் நெல்லியூர்ச் சீமையைக் கம்பீரவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் அவருக்கு ஒன்று பிடித்துப்போனால் மத்தியானத்துக்குள் அது ஊருக்கெல்லாம் சட்டமாகிவிடும். ஒரு தடவை அவருக்குக் கிளி பிடித்துப்போய், வீட்டுக்கு வீடு கிளி வளர்த்து ஊரே காது செவிடாகிக் கிடந்தது.

அப்படிப்பட்டவர் சபைக்கு ரத்னதாசன் என்ற வியாபாரி வந்தான். ஒழுகும் கூரை, விரிசல் விட்ட சுவர், பெயர்ந்த தரை எல்லாவற்றையும் புதுசாக்கித் தருவதில் பெயர்போனவனாம். ஆனால் அவன் வேலை செய்ய வரவில்லை. தன் பெயரை விற்க வந்திருந்தான்.

"மகாராஜா, இது என் மயில் முத்திரை. இதை வாங்கி வாசலில் மாட்டிக்கொள்கிற கொத்தனாரைத் தேடி ஜனங்கள் ஓடி வருவார்கள். முத்திரைக்கு நூறு பொன். அதற்குப் பிறகு கூலியில் பத்தில் ஒரு பங்கு எனக்கு. சுண்ணாம்பு என்னிடம்தான் வாங்க வேண்டும். என் கலவை ரகசியத்தையும் சொல்லித் தருவேன்."

ராஜாவுக்கு உடனே பிடித்துவிட்டது. அரண்மனைக் கட்டட அதிகாரி கனகசபேசர் பக்கத்திலிருந்து தூபம் போட்டார். விற்கும் முத்திரைக்கெல்லாம் அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்பது ராஜாவுக்குத் தெரியாது.

"நம் ஊர் அறுபது கொத்தனார்களுக்கும் வாங்கிவிடலாம் பிரபு. ஏரிக்கரையைப் பலப்படுத்த வைத்திருக்கிற பொன் சும்மாதானே கிடக்கிறது."

தலையாட்டிவிட்டுப் போகட்டும் என்று கொத்தனார்களின் தலைவி ஒச்சம்மாவைச் சபைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புருஷன் போன பிறகு பூச்சுக் கரண்டியைத் தன் கையில் எடுத்து, இருபது வருஷமாகச் சுவர் பூசுகிறவள். ஏரிப் பொன் என்றதும் அவள் முன்னால் வந்து நின்றாள். போன மழைக்குக் கரை உடைந்து அவள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது.

"மகாராஜா, அந்தக் கலவை ரகசியம் என்னவென்று கேட்கலாமா?" என்றாள்.

ரத்னதாசன் குரலைத் தாழ்த்தினான். "கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும்."

"அதை எங்கள் ஊரில் சாந்து குழைக்கிற எல்லாருமே போடுகிறோமே, ஐயா."

சபையில் சிரிப்பு எழுந்தது. கனகசபேசருக்கு முகம் கறுத்தது. "ஏழு ஊரில் இந்த முத்திரையை வாங்கினவர்கள் மாடி வீடு கட்டிவிட்டார்கள். சாந்துச் சட்டியைத் தவிர வேறொன்றும் பார்க்காத உனக்கு வியாபாரம் என்ன தெரியும்?"

"தெரியாதுதான் ஐயா. அதனால் வாங்கினவர்களையே கேட்டுப் பார்க்கலாம் என்கிறேன்."

"கேட்டால் யார் உண்மை சொல்வார்கள்?" என்றார் ராஜா. "ஏமாந்தவன் வெளியே சொல்ல வெட்கப்படுவான். சம்பாதித்தவன் போட்டிக்கு ஆள் வருமே என்று மறைப்பான்."

ஒச்சம்மா கொஞ்சம் யோசித்தாள். "அப்படியானால் வாயைத் திறக்கச் சொல்ல வேண்டாம், மகாராஜா. மயில் முத்திரையைத் திருப்பித் தருகிறவர்களுக்கு அரண்மனையில் பாதி விலை கிடைக்கும் என்று ஏழு ஊரிலும் தண்டோரா போடுங்கள். நன்றாக ஓடுகிற தொழிலைப் பாதி விலைக்கு யாரும் விற்க மாட்டார்கள்."

"வந்தால் பணம் யார் தருவது?"

கனகசபேசர் துண்டை உதறித் தோளில் போட்டார். "நானே தருகிறேன் பிரபு. ஒரு ஈ காக்கை வராது. வராவிட்டால் இவள் தன் வீட்டை விற்று முதல் முத்திரையை வாங்கட்டும்."

ராஜா சம்மதித்தார். பௌர்ணமி வரை கெடு. ஒச்சம்மாவுக்கு அந்தப் பத்து நாளும் சோறு இறங்கவில்லை. தன் வீட்டுச் சுவரையே தடவித் தடவிப் பார்த்தபடி வளைய வந்தாள்.

பௌர்ணமியன்று காலையில் அரண்மனை வாசலில் ஒரே கூச்சல். நாற்பத்துமூன்று பேர் கையில் முத்திரையோடு வரிசையில் நின்றார்கள். நிலத்தை விற்று வாங்கியவன் ஒருவன். அந்தச் சுண்ணாம்பு இரண்டு பங்கு விலை என்பதால் கூலியில் மிச்சமே இல்லை என்றான் இன்னொருவன். ஒரே தெருவில் மூன்று பேருக்கு ரத்னதாசன் விற்றுவிட்டதாகப் புலம்பினான் வேறொருவன். வரிசையின் நடுவே துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு இளைஞன் நின்றான். காவலன் துண்டை விலக்கிப் பார்த்தால், கனகசபேசரின் சொந்த மருமகன்.

"மாமாதான் வாங்கு வாங்கு என்றார்," என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

வரிசையில் சேராமல் ஒரு மலையூர்க்காரன் மட்டும் ஓரமாக நின்றான். ஒச்சம்மா அவனிடம் போய், "நீங்கள் விற்கவில்லையா?" என்று கேட்டாள்.

"எனக்கு நன்றாகத்தான் ஓடுகிறது, அம்மா. எங்கள் மலையில் கொத்தனாரே கிடையாது. சாந்து குழைப்பதே இதை வாங்கிய பிறகுதான் கற்றேன். முதல் வருஷம் வருமானம் இருக்காது என்று நெல்லைச் சேர்த்து வைத்துவிட்டுத்தான் இறங்கினேன். வேடிக்கை பார்க்க வந்தேன்."

வாசலுக்கு வந்து இதைக் கேட்ட ராஜா குழம்பிப்போனார். "ஒச்சம்மா, அப்படியானால் இந்த முத்திரை நல்லதா, கெட்டதா?"

"இவருக்கு நல்லது, மகாராஜா. தொழில் தெரிந்த அறுபது பேர் இருக்கிற ஊருக்கு எதற்கு? எங்கள் வீட்டு வாசலில் மயில் இல்லாவிட்டாலும் ஜனங்களுக்கு எங்களைத் தெரியும்."

ராஜா எல்லாரையும் சபைக்கு அழைத்துப் போனார். பிறகு ஏரிப் பொன் ஏரிக்கே என்று ஆணையிட்டார். கனகசபேசர் வாங்கிய பங்கும் அதற்குள் மருமகன் வாயாலேயே வெளியே வந்துவிட்டது. ரத்னதாசனின் பெட்டியும் கனகசபேசரின் பெட்டியும் சபையிலேயே திறக்கப்பட்டு, நாற்பத்துமூன்று பேருக்கும் பாதி அல்ல, முழு விலையும் திரும்பக் கிடைத்தது. கனகசபேசரின் பதவியும் போனது.

"கட்டட அதிகாரி வேலை இனி உனக்குத்தான்," என்றார் ராஜா. "மாளிகை உண்டு, பல்லக்கு உண்டு. என்ன சொல்கிறாய்?"

ஒச்சம்மா கும்பிட்டாள். "பெரிய மனசு, மகாராஜா. ஒரு நாள் அவகாசம் கொடுங்கள். இந்த வேலையில் இதற்கு முன்னால் இருந்தவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன்."

தூணோரம் நின்ற கனகசபேசர் தலையைக் குனிந்துகொண்டார். ராஜா சிரித்த சிரிப்பில் அவர் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது.