வத்தல் களத்துக்கு மேலே ஒரு சுற்று

"ஆள் கிடைக்க என்னதான் வழி, கேப்டனம்மா?" என்று கேட்டார் பலவேசம்.

கேப்டன் ரெஜினா குழாயடியில் நின்று ஒரு பழைய வாளியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

பலவேசம் அந்தப் பறக்கும் கிளப்பின் செயலாளர். அறுபதைத் தாண்டிய மனுஷன். அவருக்கு விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர் ரெஜினா. வயதில் மகள் மாதிரி. அதனால் என்ன, குரு குருதானே.

ஒரு காலத்தில் கிளப்பின் கொட்டகையில் வரிசையாக விமானங்கள் நின்றன. டாக்டர், வக்கீல், ஜவுளிக்கடை முதலாளி என்று ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், நான் முந்தி நீ முந்தி என்று வந்து நிற்பார்கள். எண்ணெய் விலை ஏறியது. உதிரிபாகம் கிடைப்பது குதிரைக்கொம்பானது. ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியது இரண்டு பேர் உட்காரும் ஒரு குட்டி விமானம்.

"நிலத்துக்காரங்க கறாராச் சொல்லிட்டாக. இனி வருஷா வருஷம் பங்குனிக்குள்ள ஒரு ஆளாவது முதல் தடவையா தனியாப் பறந்து காட்டணுமாம். இல்லேன்னா ஓடுதளத்தைப் பேத்துட்டு சரக்கு வைக்கக் கிட்டங்கி கட்டிருவாகளாம்."

"சரி," என்றார் கேப்டன்.

"என்ன சரி? நீங்க பாட்டுக்கு வாளி கழுவுதீக!"

"நீங்க என்னென்ன செஞ்சீக, அண்ணாச்சி?"

"என்ன செய்யலை? காலேஜ் காலேஜா ஏறி இறங்கினேன். புது போர்டு வச்சேன். ஆபீசுக்கு ஏசி போட்டேன். கண்டவுகளும் உள்ள வரக்கூடாதுன்னு சுத்தி வேலி போட்டு, பூட்டும் போட்டேன்."

கேப்டன் தலையைத் தூக்கி வேலிப்பக்கம் பார்த்தார்.

வேலிக்கு வெளியே ஆவுடைத்தாயும் அவள் கூட்டாளிகளும் மிளகாய் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதி வயலுக்குச் சிவப்பு விரிந்து கிடந்தது. முன்பெல்லாம் ஓடுதளத்து ஓரத்திலேயே காயப்போடுவார்கள். விமானம் கிளம்பினால் வேலையைப் போட்டுவிட்டு வாய் பார்ப்பார்கள். பலவேசத்துக்கும் ஆவுடைத்தாய்க்கும் ஏழாம் பொருத்தம். வேலி வந்ததே அவளால்தான்.

"அந்தப் பொம்பளைகளை விடுங்க. ஆளுக்கு வழி சொல்லுங்க," என்றார் பலவேசம்.

கேப்டன் வாளியில் தண்ணீர் நிரப்பி ஓரமாக வைத்தார்.

"வாங்க, ஒரு சுத்து போயிட்டு வருவோம்."

எஞ்சின் துருப்பிடிக்காமல் இருக்க வாரம் தவறாமல் இருவரும் பறப்பார்கள். ஓட்டுவதெல்லாம் பலவேசம்தான். இடது பக்கம் மாணவர் இருக்கை, அதில் அவர். வலது பக்கம் கேப்டன். தனியாகப் போங்கள் என்று கேப்டன் சொல்லும்போதெல்லாம் அவரிடம் ஒரு சாக்கு இருக்கும். இன்றைக்குக் காற்று சரியில்லை. முட்டி வலிக்கிறது. முதலில் கிளப் நிமிரட்டும், அப்புறம் பார்ப்போம். மாணவர் உரிமத்தை மட்டும் விடாமல் புதுப்பித்துக்கொண்டே இருந்தார், பாவம்.

மேலே போனதும் கேப்டன் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்.

"வத்தல் களம் இறக்கைக்குப் பின்னால போகட்டும். ம், இப்பத் திரும்புங்க."

பலவேசம் திருப்பினார். பூப்போல இறக்கினார்.

ஓடுதளத்தின் கோடியில் விமானம் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கேப்டன் கதவைத் திறந்து இறங்கினார். காலி இருக்கையின் பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

"எங்க போறீக?" பலவேசம் பதறினார்.

"எனக்குக் கீழ வேலை கிடக்கு."

"அப்ப நான்?"

"ஒரே ஒரு சுத்து. இப்பச் செஞ்சதுதான்."

"நான் ஆள் தேடித்தானே தரச் சொன்னேன்!"

"தேடிட்டேன்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார் கேப்டன்.

அப்படியொரு மனுஷி. திரும்பிப் பார்க்காமல் நடந்துபோனார்.

இறங்கி ஓடிவிடலாமா என்று பலவேசம் ஒரு நிமிஷம் நினைத்தார். ஓடினால் அடுத்த வருஷம் இந்த இடத்தில் லாரி நிற்கும். முருகா என்று விசையைத் தள்ளினார்.

ஒரு ஆள் குறைந்ததில் விமானம் வெடுக்கென்று மேலே ஏறிவிட்டது. அம்மாடி!

"கேப்டனம்மா, சரியாப் போறேனா?" என்று பக்கத்து இருக்கையைப் பார்த்துக் கேட்டார். பெல்ட் மட்டும் இருந்தது.

எங்கே திரும்புவது? சொல்ல ஆள் இல்லை. கீழே குனிந்து பார்த்தார்.

சிவப்பாகத் தெரிந்தது வத்தல் களம்.

அது மெல்ல இறக்கைக்குப் பின்னால் போனது. பலவேசம் திருப்பினார். நேரே எதிரில் ஓடுதளம் விரிந்தது. அவர் தன்னையறியாமல் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. இத்தனை வருஷம் இதையா தள்ளிப்போட்டோம் என்று தன்னையே ஏசிக்கொண்டார்.

இறங்கும்போது ஒரு குதி குதித்தது. பரவாயில்லை, முழுசாக வந்து சேர்ந்தார்.

கீழே காலை வைத்ததுதான் தாமதம். சளாரென்று ஒரு வாளித் தண்ணீர் தலையில் விழுந்தது. முதல் தடவை தனியாகப் பறந்து வந்தவருக்கு அந்தக் கிளப்பில் அதுதான் மரியாதை. வாளிக்கு வேலை வந்து வருஷக்கணக்காகி இருந்தது.

"ஒரு ஆள் ஆச்சு," என்றார் கேப்டன்.

பலவேசம் முகத்தை வழித்துக்கொண்டார். சந்தோஷம் ஒரு பக்கம், கவலை இன்னொரு பக்கம். அவர் அப்படித்தான்.

"இந்த வருஷம் தப்பிச்சோம். அடுத்த பங்குனிக்கு ஆளுக்கு எங்க போவேன், கேப்டனம்மா?"

கேப்டன் காலி வாளியைக் கொண்டுபோய்க் குழாயடியில் வைத்துக் குழாயைத் திறந்துவிட்டார்.

"அண்ணாச்சி!"

வேலியைப் பிடித்துக்கொண்டு ஆவுடைத்தாய் நின்றாள். அவள் பின்னால் அத்தனை பெண்களும்.

"தனியாவா போனீக? மேல இருந்து பாத்தா எங்க வத்தல் தெரியுமா?"

"தெரிஞ்சுது தாயி. அதைப் பாத்துத்தான் திரும்பினேன்."

"ஆத்தீ!" ஆவுடைத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "இந்த வயசுல உங்களால முடியுதுன்னா, எனக்கும் சொல்லிக் குடுப்பாகளா?"

பலவேசம் திரும்பிப் பார்த்தார். வாளி பாதி நிறைந்திருந்தது.

நனைந்த சட்டைப்பைக்குள் கையை விட்டு வேலிச் சாவியைத் தேடினார்.